நல்ல கண்ணியில் போடும் முதல் முடிச்சு: கடற்கரை வீடுகளுக்கு ஒரு பழக்க வழிகாட்டி

காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், ஆறு மணிக்கு நடங்கள், எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி பத்துக்குள் படுத்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ள யாரிடம் யோசனை கேட்டாலும் இப்படி ஒரு அட்டவணைதான் கிடைக்கும். ஆபீஸ் போகிறவர்களுக்கு அது சரி. வடக்கே தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், நடுவில் பாம்பனும் ராமேஸ்வரமும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் எங்கள் ராமநாதபுரம் கரையில் கடிகாரத்தை நம்பி யாரும் பிழைப்பு நடத்தவில்லை. ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகும். இன்று காலை கிளம்பினால் நாளைக் காலைதான் கரை. நாட்டுப்படகுக்காரருக்குக் காற்றுதான் நேரம். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடல் வத்தும் வேளைதான் நேரம். மீன்கூடை சுமப்பவருக்கு முதல் பஸ். ஐஸ் உடைப்பவர், ஏலம் கூறுபவர், லாரிக்கு ஏற்றுபவர் எல்லோருக்கும் படகு வந்தால்தான் பொழுது விடியும்.

நான் பாம்பன் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். 44 வயதில் ஒரு மருத்துவ முகாமில் சும்மா பார்ப்போமே என்று கை நீட்டினேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 182 வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டை மாற்றவும் தினமும் நடக்கவும் சொன்னார். நானும் நோட்டில் கோடு கிழித்து அட்டவணை எழுதினேன். மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் பத்து நாளைத் தாண்டவில்லை. ஒருநாள் படகு நேரம் தப்பி வரும், அன்றோடு எல்லாம் அறுந்துபோகும். என்னிடம் உறுதி இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். கோளாறு உறுதியில் இல்லை, கட்டிய இடத்தில்தான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த மூன்று தடவையை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வலை பொத்தும் இடத்தில் பார்த்தது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும், பெயின்ட் வாசனை அடிக்கும், கம்பெனியில் வேலை குறைவு. அப்படி ஒரு வைகாசிப் பகலில் பூவரச மர நிழலில் ஒரு மாமா வலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையகலத்துக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றிக் கண்ணிகள், அதாவது வலையின் கட்டங்கள், பிய்ந்து கிடந்தன. ஊசியை எடுத்து நேராகத் தைக்கப்போகிறார் என்று பார்த்தால், சின்னக் கத்தியால் ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அறுத்தார்.

“என்ன மாமா, கிழிஞ்சதை இன்னும் பெருசாக்குறீங்க?”

“பிஞ்ச கண்ணியில முடிச்சுப் போட்டா நிக்காது மாப்ளே. நல்ல கண்ணி தட்டுப்படுற வரைக்கும் அறுத்து விட்டுட்டு, அங்கிட்டிருந்துதான் பிடிச்சுட்டு வரணும்.”

அறுத்த நூல்களை உதறிவிட்டு, கெட்டியாக இருந்த ஒரு கண்ணியில் முதல் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அது நின்றது. அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. அரை மணி நேரத்தில் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

‘காலை ஆறு மணி’ என்பது என் வாழ்க்கையில் பிய்ந்த கண்ணி. அதில் எதைக் கட்டினாலும் நிற்காது. ஆனால் படகு எப்போது வந்தாலும், மழை பெய்தாலும், ஊரில் சாவு விழுந்தாலும் நான் தவறாமல் செய்கிற காரியங்கள் சில உண்டு. அவைதான் நல்ல கண்ணி. புதிய பழக்கத்தை அதில்தான் முடிய வேண்டும்.

முதல் வேலை: உங்கள் கண்ணிகளைக் கண்டுபிடியுங்கள்

பழைய நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, நேற்றுக் கண் விழித்ததிலிருந்து படுத்தது வரை செய்த சின்னச் சின்னக் காரியங்களை எழுதுங்கள். நேரம் எழுத வேண்டாம், வரிசை போதும். கதவைத் திறந்தேன், வாளியை நகர்த்தினேன், பல் தேய்த்தேன், டீப் போட்டேன், சாமி படத்துக்கு முன்னால் நின்றேன், செருப்பு மாட்டினேன், சாப்பிட்ட தட்டைக் கழுவினேன், போனை சார்ஜில் போட்டேன். இதில் வருஷம் முழுக்கத் தவறாதவை எவை என்று பார்த்துக் கோடு போடுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு தேறும். சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகை தவறாதவருக்கு அதைவிட உறுதியான கண்ணி கிடையாது. விளக்கேற்றுகிறவருக்கும், ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் படுக்காதவருக்கும் அப்படித்தான்.

ராமேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த அப்துல் கலாம் தன் தகப்பனார் ஜைனுலாப்தீனைப் பற்றி எழுதியிருக்கிறார். விடியுமுன் நாலு மணிக்குத் தொழுவார். தொழுது முடித்ததும் வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போவார். ஒரு டஜன் தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் பசியாறுவார். அவருக்கு வயது எழுபதை நெருங்கியபோதும் இது நடந்திருக்கிறது. இதில் நடை தனியாக நிற்கவில்லை பாருங்கள். முன்னால் தொழுகை, பின்னால் சாப்பாடு, நடுவில் தேங்காய் என்று ஒரு வேலை. இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்த நடை அது. யாரும் ‘உடற்பயிற்சி’ என்று பெயர் வைத்துச் செய்யவில்லை.

அடுத்தது: ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இதைத்தான் கெஞ்சிக் கேட்பேன். ஒரே ஒரு பழக்கம். அதுவும் உடம்புக்கு முடியாத நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னது. அரை மணி நேர நடை என்று தொடங்காமல், சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் தெருமுனை வரை போய்த் திரும்புவது என்று தொடங்குங்கள். போதாதே என்று தோன்றும். முதல் மாதம் நீங்கள் வளர்ப்பது தசையை இல்லை, முடிச்சை. முடிச்சு இறுகினால் தெருமுனை தானாகப் பஸ் ஸ்டாப் வரை நீளும். எனக்கு நீண்டது.

வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: “அதைச் செய்ததும் இதைச் செய்வேன்.” தட்டைக் கழுவியதும் தெருமுனை வரை. செருப்பை மாட்டுமுன் தண்ணீர்ப் பாட்டில். போனை சார்ஜில் போட்டதும் படுக்கை. இந்த வாக்கியத்தில் மணி எத்தனை என்ற பேச்சே வரக்கூடாது.

தண்ணீர்

தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தண்ணீர்தான். எங்கள் கரையில் இது மற்ற ஊர்களைவிடப் பெரிய விஷயம். பல இடங்களில் கிணற்றைத் தோண்டினால் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் நிறைய. காசு கொடுத்து வாங்குவதை மனசு அளந்துதான் குடிக்கச் சொல்லும். கடலில் இருப்பவர்கள் வேலை மும்முரத்தில் தாகத்தையே மறந்துவிடுவார்கள். மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், இரண்டும் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சும்.

பெண்கள் விஷயம் இன்னும் வேதனை. எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு மதினி, விடிகாலை கூடையோடு கிளம்பினால் மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். அதுவரை ஒரு டீ மட்டும். ஏன் என்று என் மனைவி கேட்டபோது சொன்னார்: “தண்ணி குடிச்சா போக எடம் வேணும்ல தாயி. அந்தச் சந்தையில எங்கிட்டுப் போறது?” மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுக்கொண்டவர் அவர். கழிப்பறை கட்டிக் கொடுக்க வேண்டியவர்கள் கட்ட வேண்டும். அதைக் கேட்டு நாம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு வழியை என் மனைவியும் அவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே, மீனை ஐஸ் போட்டு அடுக்குமுன், ஒரு சொம்பு தண்ணீர். கிளம்பும்போது கழிப்பறை. வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு வீட்டில் பத்து மணி வாக்கில் கூடையை இறக்கும்போது அடுத்த தம்ளர். கழிப்பறைக்குப் போய்க்கொள்ள அந்த வீட்டு அம்மாவிடம் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டார், அவர்களும் முகம் சுளிக்கவில்லை. வீடு திரும்பியதும் மூன்றாவது. அந்த மதினிக்கு நல்ல கண்ணி கடிகாரம் இல்லை, கூடைதான். கூடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தண்ணீர்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. கடுகு எண்ணெய் நிறத்துக்குப் போனால் உடம்பு வறண்டு கிடக்கிறது. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெயிலில் கிறுகிறுத்தவருக்கும் பேதி கண்டவருக்கும் வீட்டிலேயே கலக்கும் நீர்: காய்ச்சி ஆறிய நல்ல தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது.

சாப்பாடு: கருவாடும் டீயும்

மீன் நம் வாசலுக்கு வருகிறது. அதிலும் விலை குறைந்த மீன்தான் உடம்புக்கு அதிகம் தருகிறது என்பதை நம் ஆட்களே மறந்துபோனார்கள். சூடை, நெத்தலி, காரல் மாதிரி பொடிமீன்களை முள்ளோடு மென்று சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். சூடையும் மத்தியும் இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ளவை. ஏற்றுமதிக்குப் போகிற இறாலையும் கணவாயையும் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. குழம்பு, அவியல், சொதி என்று செய்யும்போது நல்லது. தினமும் எண்ணெயில் பொரித்தால் அந்த நன்மையில் பாதி அடுப்பிலேயே போய்விடும்.

உப்பில்தான் நமக்கு வம்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசாக வராது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பழைய கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளும் மோர் மிளகாய் என்று நம் தட்டில் காலைச் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடும். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கருவாட்டைக் கழுவும் வேளையை ஒரு கண்ணியாக எடுத்துக்கொள்ளுங்கள். மண் போகக் கழுவியதும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை ஊற வையுங்கள், பிறகு குழம்பில் தனியாக உப்பே போடாதீர்கள். இறக்கும்போது ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் சிட்டிகை. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் வீட்டில் கருவாடு வாரத்தில் ஒருநாள் விருந்தாக இருக்கட்டும்.

டீ என் கதை. ஏல வேளையில் கணக்கு நோட்டோடு நின்றால் ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள், மறுக்க முடியாது. ஒருநாள் எண்ணினேன், ஏழு. ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். டீயில் மட்டும் 56 கிராம் சர்க்கரை. சாதாரண ஆளுக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்து 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நானோ சர்க்கரை நோயாளி. டீயை நிறுத்திப் பார்த்தேன், தலைவலியில் விழுந்தேன். பிறகு டீக்கடைத் தம்பியிடம் “எனக்கு இனிமே அரைச் சீனி” என்று சொல்லி வைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கால் சீனி. அதற்குப் பிறகு இல்லை. இப்போது யாராவது தெரியாமல் சீனி போட்ட டீயைக் கொடுத்தால் என் நாக்கு அதைப் பாயசம் என்று சொல்கிறது. டீக்கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் தினமும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் கையே நமக்காகப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். கருப்பட்டி நம் மண்ணின் பொருள், சாயல்குடி, நரிப்பையூர் பனங்காடுகளில் ஏறி இறங்குகிறவர்களின் வியர்வை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் “கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஒண்ணும் செய்யாது” என்பது தவறு. கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். பதநீரும் அப்படியே. நோய் இல்லாதவர் அளவாகக் குடிக்கட்டும். சர்க்கரை நோயாளிக்குப் பனையில் உகந்தது இளநுங்கு, அதுவும் இரண்டு மூன்று.

சோற்றைக் குறைக்கச் சொன்னால் சண்டை வரும். எனவே குறைக்காதீர்கள், தட்டில் வைக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் கீரையும் காயும், அடுத்து மீன், மிச்சம் இருக்கும் இடத்தில் சோறு. பெரும்பாலான வீடுகளில் கொல்லையிலோ பக்கத்து வீட்டிலோ முருங்கை நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஒரு கொத்து ஒடித்தால் போதும். குதிரைவாலியும் கேப்பையும் நம் மாவட்டத்துச் சந்தையில் கிடைப்பவை, ஒருவேளைக்கு அரிசியை மாற்றலாம்.

நடை: எந்தக் கடல் பக்கம்?

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம், மூச்சு சற்று வேகமாகும்படியான நடை அல்லது அதுபோன்ற வேலை வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் சேர்ந்ததுதான். ‘நாங்கதான் நாள் பூராம் உழைக்கிறோமே’ என்று கடலுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். கேள்வி சரி. வலை இழுக்கும் கைக்கும் தோளுக்கும் உழைப்பு உண்டு. என்னை மாதிரி உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கும், தையல் மிஷின் மிதிப்பவர்களுக்கும், கடை வைத்திருப்பவர்களுக்கும்தான் நடை அவசியம்.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. கொஞ்ச தூரத்தில் இரண்டு கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் கரையில் மணல் கண்ணில் அடிக்கும். அப்போது வடகடல் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், அங்கே நடங்கள். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் தென்கடலுக்கு மாறுங்கள். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வது, பொதுவாக வடகடல் அமைதியாகவும் தென்கடல் சீற்றமாகவும் இருக்கும் குணத்தை வைத்துத்தான். பாம்பன் ரோடு பாலத்தில் காற்று சுகமாக இருக்கும், ஆனால் லாரியும் சுற்றுலா வண்டியும் வருகிற இடம் நடைப்பயிற்சிக்கு வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கரையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மணலுக்குள் சிப்பியும் தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் கிடக்கும். உணர்ச்சி மரத்த காலில் குத்தினால் தெரியாது, இரண்டு நாளில் சீழ் வைத்துவிடும். பின்னால் வார் உள்ள செருப்பு போடுங்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவுவது எல்லோருக்கும் இருக்கும் வழக்கம்தான். கழுவியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒரு தடவை பாருங்கள். குனிய முடியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

தூக்கம்

கடலுக்குப் போய் வந்தவருக்கு ஒரே மூச்சாகத் தூங்கக் கிடைக்காது. துண்டு துண்டாகத் தூங்கினாலும் நாளில் ஏழு மணி நேரமாவது தேற வேண்டும். இதில் வீட்டில் இருப்பவர்களின் பங்குதான் பெரிது. அவர் கரையேறி வந்து, குளித்து, சாப்பிட்டதும் ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள், அவர் போனை வாங்கி அடுப்படியில் சார்ஜில் போடுங்கள். பங்குக் கணக்குக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே உட்கார வையுங்கள். படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரத்துக்குள் டீ வேண்டாம்.

போனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் அனுபவம்.

மனசு

கடற்கரை வீட்டில் பயம் ஒரு மூலையில் உட்கார்ந்தே இருக்கும். படகு வர நேரமானால், வானம் கறுத்தால், எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வந்தால் சோறு இறங்காது. இதற்குச் சின்னப் பழக்கம் எதுவும் முழு மருந்து ஆகாது. ஆனால் தனியாகச் சுமக்காமல் இருக்க ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் பெண்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டு வாசல்படியில் உட்காருவார்கள். பத்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். போன வருஷம் அதில் ஒருவர் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் மற்றவர்களே அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் அழுதுகொண்டு படுத்திருந்தார், சமைக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், இப்போது தேறிவிட்டார். வாசல்படி இல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆண்களும் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டில் இல்லாமல். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாக வேண்டும் என்ற நினைப்பு ஒருநாள் வந்தால்கூட, 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது. ஏர்வாடி தர்காவை நம்பிக் கூட்டிவந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து செத்ததை நம் மாவட்டம் மறக்கக் கூடாது. தர்காவுக்கும் போங்கள், கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டாம்.

புகையிலை, குடி பற்றிக் கேட்பீர்கள். அவற்றை நான் சொல்லும் சின்ன முடிச்சுகளால் மட்டும் விரட்ட முடியாது. புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆள் இருக்கிறார்கள், படிப்படியாகக் கூட வருவார்கள். தினமும் குடிக்கிறவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

எத்தனை நாள் பிடிக்கும்?

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் பேச்சு. நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், சாப்பாட்டோடு பழம், டிபனுக்குப் பிறகு தண்ணீர் என்று ஏற்கனவே இருக்கும் ஒரு வேளையோடு இணைத்துத்தான் பழகச் சொன்னார்கள். தானாக வரும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் எனக்கு ஆறுதல் தந்தது வேறொன்று: நடுவில் ஒருநாள் தவறியவர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை. புயல் கூண்டு ஏற்றினால் படகு போவதில்லை. அதற்காக யாரும் தொழிலை விட்டுவிட்டார்களா? கூண்டை இறக்கியதும் கிளம்புகிறோம். நடை தவறிய மறுநாளும் அப்படியே கிளம்புங்கள். இரண்டாவது நாள் மட்டும் தவற விடாதீர்கள்.

தடைக்காலம் 61 நாள், ஆய்வு சொன்னது 66. ஏறக்குறைய ஒன்று. அதனால் கடல் தொழிலோடு சம்பந்தப்பட்ட வீடுகளில் புதிதாகத் தொடங்க ஏப்ரல் 15 நல்ல நாள் என்பேன். படகைப் பராமரிக்கும் அதே வேளையில் உடம்பையும் பார்க்கலாம். ஜூனில் படகு இறங்கும்போது முடிச்சு ஓரளவு இறுகியிருக்கும். ஓட்டமும் சாட்டமும் தொடங்கிய முதல் வாரம்தான் சோதனை, அந்த வாரம் அளவைப் பாதியாகக் குறைத்தாவது செய்யுங்கள். மற்றவர்கள் ஏப்ரலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

செய்த நாளைக் குறிக்கத் தினசரிக் காலண்டர் போதும். கிழிக்கும் தாளில் செய்திருந்தால் ஒரு சுழி போட்டுவிட்டுக் கிழியுங்கள். காலண்டர் கிழிப்பதும் ஒரு கண்ணிதானே. என் மகள் சுழியைச் சிவப்புப் பேனாவில் போடுகிறாள், தாள்களைச் சேர்த்தும் வைக்கிறாள்.

ஒருமுறை செய்ய வேண்டியது

முப்பது வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தம் 140/90 என்றோ அதற்கு மேலோ இருந்தால் வேறொரு நாளும் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை எடுப்பவர்களுக்கு 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது; உங்கள் பகுதிச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104. நடக்கத் தொடங்கிவிட்டோம், சீனியை விட்டுவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு ஒரு வருஷத்தில் 182 என்பது 118-க்கு வந்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அவர்தான் ஆக்கினார், நான் இல்லை.

இன்று ராத்திரி

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு: இன்று ராத்திரி அடுப்பைத் துடைத்துவிட்டு, டீப் போடும் பாத்திரத்துக்குள் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும், அது மூன்று மணியோ ஏழு மணியோ, பாத்திரத்தை எடுக்கும்போது தம்ளர் கையில் வரும். அதில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.